சிலந்திக்குக் குடும்பம் தேடிய கதை

பிள்ளைக்கு ஒரு சொல்கூடத் தப்பாகக் கற்றுக்கொடுத்துவிடக் கூடாது என்று பயப்படும் அம்மாக்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நானே அப்படி ஒருத்தி என்பதால் சொல்கிறேன்.

என் மகள் யாழினி யு.கே.ஜி. படித்தபோது பள்ளியில் உயிரினக் கண்காட்சி வைத்தார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு சார்ட்டோடு மேடையேறி நாலு வரி பேச வேண்டும். மற்ற அம்மாக்கள் மயில், கிளி என்று நிம்மதியாக முடித்துக்கொண்டார்கள். நான் எம்.எஸ்ஸி. விலங்கியல் ஆயிற்றே. (படித்துவிட்டு வீட்டில் இருப்பவளுக்குத்தான் அந்தத் திமிர் வரும்.) கொற்கையில் நாத்தனார் வீட்டு வாழைத்தோப்பில் பொன்னிற வலை கட்டியிருந்த உள்ளங்கை அகலச் சிலந்தியைப் படமெடுத்து வந்தேன். பேரினம் நெஃபிலா. அதில் சந்தேகமே இல்லை. வகைப்பாட்டில் அது எந்தக் குடும்பம் என்பதில்தான் வந்தது வினை.

என் கல்லூரிக் குறிப்பில் டெட்ராக்னாதிடே என்றிருந்தது. யாழினி படாதபாடு பட்டு அதை மனப்பாடம் செய்து முடித்த பிறகு, எதற்கும் சரிபார்ப்போமே என்று செல்போனைத் திறந்தேன். நெஃபிலாவைத் தனியாகப் பிரித்து நெஃபிலிடே என்று புதுக் குடும்பம் ஆக்கிவிட்டார்களாம். சார்ட்டில் வெள்ளை பூசித் திருத்தினேன். இன்னும் கொஞ்சம் கீழே படித்தால், அதையும் கலைத்து அரனெயிடேயில் சேர்த்திருந்தார்கள். மறுபடியும் வெள்ளை. அந்த இடம் மட்டும் சிப்பி ஓடு மாதிரித் தடித்துப்போய், எழுதியது எதுவும் தெரியவில்லை.

துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் கணவர் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார். "ஏளா, ஹார்பர்ல கப்பலுக்குக்கூட இத்தன தடவ பெர்த்த மாத்த மாட்டாவ. பிள்ளய விடு."

நான் விடவில்லை. மறுநாள் பள்ளி வாசலில்கூட, யாராவது குடும்பம் கேட்டால் என்னைப் பார், மனப்பாடம் செய்ததைச் சொல்லலாமா வேண்டாமா என்று நான் சைகை காட்டுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

கேட்டார்கள். நடுவராக வந்திருந்த டீச்சர் படத்தை ரசித்துவிட்டு, "இது எந்தக் குடும்பம்மா, சொல்லு பாப்போம்" என்றார்.

யாழினி என்னைப் பார்த்தாள். நான் தலையை மேலும் கீழும் ஆட்டி, உடனே சந்தேகம் வந்து பக்கவாட்டிலும் ஆட்டினேன். அவள் மைக்கைப் பிடித்துத் தெளிவாகச் சொன்னாள்: "எங்கம்மா இன்னும் முடிவு பண்ணல மிஸ். நேத்துலருந்து யோசிச்சிக்கிட்டே இருக்காவ."

அரங்கமே சிரித்தது. நான் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது அவள் உதடு பிதுங்கிக்கொண்டிருந்தது. ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டதாக நினைத்துவிட்டாள். அதன் பிறகு என் வெட்கம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. மேடையேறி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ள சொன்னது சரிதான் மிஸ்" என்றேன்.

அதோடு இறங்கியிருக்கலாம். ஆராய்ச்சியாளர்களே இதை மாற்றி மாற்றி வைத்த கதையை ஆதியோடந்தமாகச் சொன்னேன். அடுத்துப் பேச வேண்டிய பிள்ளை, கிளி வேடத்தின் பச்சைச் சிறகோடு படிக்கட்டிலேயே தூங்கிப்போனது. கடைசியில் யாழினிதான் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "போதும்மா. எல்லாரும் நம்பிட்டாவ."

பிறகு அவளுக்கு ஒரு தம்பி பிறந்தான். என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் அவளே வாசலில் பதில் சொல்லி அனுப்பினாள். என்ன பதில் என்று நான் எழுத வேண்டியதில்லை. அவன் இப்போது தவழ்கிறான். எல்லோரும் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவனும் திரும்பிப் பார்க்கிறான். அதுவே நல்ல பெயர்தானே என்று சில சமயம் தோன்றுகிறது.

சில சமயம் தோன்றுவதில்லை.