லட்சுமி படத்தில் பட்ட ஈரம்

எனக்கு வெட்கம் அதிகம். அந்த வெட்கத்துக்கு என் இடது சிறுநீரகத்தில் பாதியைக் கொடுத்திருக்கிறேன். (மீதிப் பாதி இப்போதைக்கு வேலை பார்க்கிறது.)

பட்டன் செல்போன் காலம் அது. மதுரையில் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். வயிற்றைக் கிழிக்காமல், மூன்று துளை போட்டு, கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன். நான்காம் நாளே திருத்தங்கல் வந்துவிட்டேன். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்த பெண்களிடமெல்லாம் சேலையை விலக்கித் தழும்பைக் காட்டிப் பெருமையடித்தேன். "இம்புட்டுத்தானா?" என்று அவர்கள் வாயைப் பிளந்தால், ஆபரேஷனை நானே கண்டுபிடித்த மாதிரி இருக்கும்.

பன்னிரண்டாம் நாள் ஒழுக ஆரம்பித்தது. இருமவில்லை, சிரிக்கவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தாலே சிறுநீர் சொட்டியது. "காய்ச்சல், இடுப்பு வலி, தண்ணி மாதிரி ஒழுகுறது, எதுன்னாலும் உடனே வாங்க" என்று டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பினார். நான்தான் மேதை ஆயிற்றே! ஓட்டை போட்டால் கொஞ்ச நாள் ஒழுகத்தான் செய்யும் என்று முடிவு கட்டினேன். பழைய சேலையைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டேன். டப்பா டப்பாவாகப் பவுடர் கொட்டினேன். இடுப்பு வலிக்குத் தைலம். மூன்று வாரம் கணவரிடம்கூட மூச்சு விடவில்லை.

ஆடிப் பதினெட்டு வந்தது. அன்றைக்குத்தான் எங்கள் பக்கத்து அச்சகங்களில் அடுத்த வருடக் காலண்டர் ஆல்பத்துக்குப் பூஜை போட்டு, ஆர்டர் பிடிக்கும் ஏஜெண்டுகளிடம் கொடுப்பார்கள். எங்கள் சின்ன அச்சகத்தில் படங்களை எடுத்துக் காட்டுவது என் வேலை. "நீ படுத்துக்க" என்றார் கணவர். கேட்டால்தானே? பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, சுற்றிலும் சாமிப் படங்களைப் பரப்பி வைத்தேன்.

தேனி ஏஜெண்ட் அண்ணாச்சி குனிந்து என் சேலையை ஒட்டிக் கிடந்த ஒரு லட்சுமி படத்தை எடுத்தார். கீழ் ஓரம் நனைந்திருந்தது.

"அடடா, மகாலட்சுமி மேல தண்ணி சிந்திருச்சே" என்று பதறி, படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனார்.

"அண்ணாச்சி, கண்ணுல ஒத்தாதீக!"

"ஏம்மா?"

"அது தண்ணியில்ல."

"பின்னே?"

"என் ஒண்ணுக்கு, அண்ணாச்சி."

அவர் விரலை நீட்டியபடியே நின்றார். பூஜைக்கு வந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அப்படியே செத்துப்போகலாம் என்றிருந்தது. கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எத்தனை நாளா?" என்றார். "மூணு வாரம்" என்றேன். அவர் திட்டியிருக்கலாம். அழுதுவிட்டார்.

அன்றைக்கே மதுரைக்குப் போனோம். சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயில் ஆபரேஷனின்போது சூடு பட்டுப் பிறகு ஓட்டையாகியிருக்கிறது. இடது சிறுநீரகம் வீங்கி, பாதி கெட்டுப்போயிருந்தது. "இது ரொம்ப அபூர்வமா வர்றது. வந்த அன்னைக்கே நீங்க சொல்லியிருக்கணும்" என்றார் டாக்டரம்மா. இந்த முறை வயிற்றைக் கிழித்தே சரிசெய்தார்கள். அந்தத் தழும்பை யாருக்கும் காட்டவில்லை.

இப்போதெல்லாம் எங்கள் சொந்தத்தில் யாருக்கு வயிற்றில் ஆபரேஷன் என்றாலும் போன் போட்டுவிடுவேன். சாப்பிட்டீகளா, தூங்குனீகளா எல்லாம் கிடையாது. முதல் கேள்வியே, "ஒழுகுதா?" பிள்ளைகள் எனக்கு 'ஒழுகுதா அத்தை' என்றே பேர் வைத்துவிட்டார்கள். போன வருடம் நாரணாபுரத்தில் இருக்கும் தம்பி மனைவிக்கு இதே ஆபரேஷன். போன் ஸ்பீக்கரில் இருப்பது தெரியாமல் கேட்டுவிட்டேன். அங்கே வீடே சிரித்தது. சிரிப்பு அடங்கிய பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்: "ஆமா மதினி. நாலு நாளா."