கைவைத்த நாற்காலியும் இரண்டு தேசத்துச் சட்டமும்

கடிதம் பெட்டிக்குள் விழுந்து ஆறு மணி நேரம் கழிந்த பிறகுதான் யேசுரத்தினம் நாலாவது அத்தியாயத்தைப் படித்தார். வாயில் போட்ட மரச்சீனிக் கிழங்குத் துண்டு தொண்டையிலேயே நின்றுவிட்டது.

“பூங்கனி, மோசம் போனேன்!”

மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “என்ன, மீன்முள்ளு குத்திட்டா?”

“முள்ளு இல்லட்டி, சட்டம்!”

பூங்கனி திரும்பிப் போய்க் குழம்பைக் கிண்டினாள். அந்த வீட்டில் சட்டம் குத்துவது வாரத்துக்கு இரண்டு தடவை நடப்பதுதான்.

லண்டனிலிருந்து தபால் மூலம் நடத்தும் வாணிபச் சட்டப் பரீட்சைக்கு யேசுரத்தினம் படித்துக்கொண்டிருந்தார். இங்கிலாந்துச் சட்டத்தையும் அமெரிக்கச் சட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பாடம். புத்தகத்தில் இடது பக்கம் இங்கிலாந்து, வலது பக்கம் அமெரிக்கா. இரண்டையும் கரைத்துக் குடித்தவருக்குக் தாம் குடியிருக்கும் கருங்கல் ஊரின் சந்தையில் என்ன நடக்கிறது என்பது மட்டும் தெரியாது.

போன கிறிஸ்மசுக்குச் சேலை வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டு, “பதிலுக்கு நீ ஒண்ணும் தரல்ல. இங்கிலாந்துச் சட்டப்படி சும்மா குடுத்த வாக்கு செல்லாது” என்று நழுவப் பார்த்தார். ஆனால் நேர்மையான மனிதர். “அமெரிக்காவுலயா இருந்தா, என் வாக்கை நம்பி நீ ஏதாவது செஞ்சிருந்தா செல்லும்” என்றும் சொல்லித் தொலைத்தார்.

“நான் ஜாக்கெட் தைச்சாச்சே! அப்பம் நான் அமெரிக்கா” என்றாள் பூங்கனி. சேலை வந்தது.

இப்போதைய விவகாரம் சேலையைவிடப் பெரியது. குளச்சலில் பனந்தும்பு நார் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றிலிருந்து வியாழக்கிழமை ஒரு கடிதம் வந்திருந்தது. லண்டனுக்கும் பாஸ்டனுக்கும் எழுதும் கடிதங்களைக் கவனிக்க அவரை வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்களாம். திங்கள்கிழமைக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும்.

அது வெறும் வேலையல்ல, விடுதலை. எட்டு வருஷமாக அவர் மாமனாரின் பலசரக்குக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். கடையில் ஒரே ஒரு நாற்காலி, அது மாமனாருடையது. மருமகனுக்கு அரிசி மூட்டை. மூட்டை விற்றுப்போனால் நின்றுகொண்டே எழுத வேண்டும். அதனால்தான் வெள்ளிக்கிழமை எழுதிய பதிலில், ‘வருகிறேன், ஆனால் எனக்குக் கைவைத்த நாற்காலி ஒன்று தரவேண்டும்’ என்று நெஞ்சை நிமிர்த்தி எழுதிப் போட்டுவிட்டார்.

“ ‘ஆனால்’ போட்டா அது சம்மதம் இல்லியாம்” என்று புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். “மறுபேரமாம். அது போய்ச் சேர்ந்ததும் அவங்க தந்த வேலை செத்துப்போகுமாம். பொறவு என் பேரத்துக்கு அவங்க சம்மதிச்சாத்தான் உண்டாம்.”

“வலது பக்கம் பாருங்க. அமெரிக்காக்காரன் நல்லவனாச்சே.”

“பார்த்தேன். அங்கேயும் சாவுதான்.”

“வெறுமனே ‘வாறேன்’ணு எழுதியிருந்தா?”

“பேச்சே இல்ல. சம்மதக் கடுதாசி பெட்டிக்குள்ள விழுந்த நொடியே ஒப்பந்தம் முடிஞ்சாச்சு. வழியில தொலைஞ்சாலும் சரி, பொறவு ஒருத்தனுக்கு மனசு மாறினாலும் சரி, முடிஞ்சது முடிஞ்சதுதான். ரெண்டு தேசத்திலயும்.”

பூங்கனி கரண்டியைக் கீழே வைத்தாள். “அப்பம் போய் அந்த ‘ஆனாலை’ வெளியே எடுங்க.”

சனிக்கிழமை காலையில் யேசுரத்தினம் சந்தை முக்குக்குப் போனார். ராஜாவின் சங்கு முத்திரை போட்ட பச்சை இரும்புப் பெட்டி அங்கே நின்றது. தென்னை ஈர்க்கில் நுனியில் பலாச்சக்கைப் பசை தடவி வாய் வழியாக உள்ளே விட்டார். முதலில் ஒரு பல்லி வந்தது. இரண்டாம் தடவை ஈர்க்கில் முறிந்து உள்ளே விழுந்தது. அதை எடுக்க விரல்களை விட்டார். விரலுக்கு எட்டாததால் கையை விட்டார். கை போயிற்று, திரும்பி வரவில்லை.

சந்தைக்கு வந்தவர்கள் சுற்றி நின்று ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கருப்பட்டி வியாபாரி ஒருவர் இடுப்பைப் பிடித்து இழுத்ததில் சட்டை கிழிந்தது. எதிர்த் தேநீர்க்கடைப் பொன்னுலிங்கம் தேங்காயெண்ணெய்ப் புட்டியோடு ஓடி வந்தார். அதற்கு முன்னால் மாமனார் வந்துவிட்டார்.

“கடை தொறக்க வராம இங்க என்ன செய்யுதீரு மருமகனே?”

வலியில் மனுஷனுக்குப் பொய் வராது. “குளச்சல்ல வேற வேலை கிடைச்சுது மாமா. அதைக் காப்பாத்தத்தான்...”

மாமனாரின் முகம் சிவந்தது. “ஓகோ! அப்பம் அங்கேயே போய்க் கெடயும். எனக்க அரிசி மூட்டைக்கு வேற ஆளு உண்டு.”

அவர் விடுவிடுவென்று போய்விட்டார். இப்போது யேசுரத்தினத்துக்கு நாற்காலியும் இல்லை, மூட்டையும் இல்லை. கையும் பெட்டிக்குள்ளேயே இருந்தது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

பொன்னுலிங்கம் எண்ணெயை ஊற்றிக் கையை மெல்ல உருவினார். “எனக்கு ஒண்ணு விளங்கல்ல. செத்த பெட்டிக்குள்ள என்னத்தத் தேடுதீரு வேய்?”

“செத்த பெட்டியா?”

“இது ராஜா தனியா நடத்துன அஞ்சலுக்க பெட்டில்லா! ஏப்ரல் மாசமே அஞ்சலைக் கொண்டு டில்லி சர்க்காருக்க தபாலோட சேர்த்தாச்சே. பை சுமந்து ஓடுன அஞ்சலோட்டக்காரன் நாராயணபெருமாளையும் வீட்டுக்கு அனுப்பியாச்சு. இப்பம் கடுதாசி போடணும்னா தபால் ஆபீஸ் வாசல்ல நிக்குத சிவப்புப் பெட்டிதான்.”

யேசுரத்தினம் எண்ணெய்க் கையோடு பச்சைப் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கடிதம் போகவில்லை! மறுபேரம் போய்ச் சேரவில்லை! வேலை இன்னும் உயிரோடு இருக்கிறது!

இனி எந்தப் பெட்டியையும் நம்புவதில்லை, திங்கள்கிழமை நேரில் போய்க் கையிலேயே கொடுப்பது என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் புதுக் கடிதம் எழுத உட்கார்ந்தார். நாற்காலி என்ற சொல்லே இப்போது அவருக்குக் குலைநடுக்கமாக இருந்தது.

“ ‘எந்த நிபந்தனையும் இல்லை. உட்கார முக்காலி போதும்.’ சரியாட்டி?”

“தரையையும் சேத்து எழுதுங்க” என்றாள் பூங்கனி கேலியாக.

அவர் எழுதிவிட்டார். ‘தரையானாலும் சம்மதம்.’

திங்கள்கிழமை முதல் பஸ்ஸில் குளச்சல். கம்பெனி முதலாளி சுந்தரராஜ் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தை வாசித்தார். நிமிர்ந்து யேசுரத்தினத்தைப் பார்த்தார். மறுபடியும் வாசித்தார்.

“முக்காலி போதுமா?”

“தாராளம், ஐயா.”

“தரைண்ணு வேற எழுதியிருக்கீரு.”

“அதுவும் சம்மதம்.”

முதலாளி தாடையைச் சொறிந்தார். “ஒவ்வொரு மனுஷன் ஒவ்வொரு நாள் ஒவ்வொரு மாதிரி. சரி, உம்ம இஷ்டம். எலேய் பகவதியப்பா, சாருக்கு அந்த முக்காலியை எடுத்துப் போடு.”

வேலை கிடைத்துவிட்டது! முக்காலியில் ஒரு கால் குட்டை. ஆனாலும் அதன்மேல் ஆடி ஆடி உட்கார்ந்தபோது யேசுரத்தினத்துக்கு மனம் நிறைந்திருந்தது. மாமனார் கடை எட்டு மைலுக்கு அப்பால் இருந்தது. சன்னலில் கடல் தெரிந்தது. மேசைமேல் பாஸ்டனிலிருந்து வந்த கடிதம் அவருக்காகக் காத்துக் கிடந்தது. வலது பக்கம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டார்.

அப்போதுதான் பியூன் பகவதியப்பன் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவரைத் தாண்டிப் போனான். தேக்கு. புதுப் பாலிஷ். இரண்டு பக்கமும் வழுவழுவென்று கை.

“அது யாருக்குள்ளது?” என்று யேசுரத்தினம் கேட்டார்.

“உங்களுக்குள்ளதுதான் சாரே” என்று பகவதியப்பன் நாற்காலியை இறக்கி வைத்தான். “சனிக்கிழமை விடிய வெளுப்பிலேயே உங்களுக்க கடுதாசி வந்துதுல்லா. நாராயணபெருமாள் கொண்டு தந்தாரு.”

“அவரைத்தான் வீட்டுக்கு அனுப்பியாச்சே!”

“ஓட்டத்தை நிப்பாட்டச் சொல்லி யாரும் அவருக்கு எழுத்துல குடுக்கல்லியாம். பழைய சாவி கையில உண்டு. ராத்திரியே தொறந்து எடுத்துட்டு ஓடி வந்திருவாரு. முதலாளி வாசிச்சுட்டுச் சிரிச்சாரு. ‘கேக்கத் தெரிஞ்ச ஆளுதான் நமக்கு வேணும்’ணு சொல்லி, வீட்டுல கெடந்த நாற்காலியைப் பாலிஷ் போட வச்சாரு. இண்ணைக்கு நீங்க தரை போதும்ணு எழுதிக் குடுத்தீங்க. உள்ள கொண்டு போடச் சொல்லிட்டாரு.”

யேசுரத்தினம் நாற்காலியின் கையைத் தொட்டுப் பார்த்தார். கேட்டது கிடைத்திருக்கிறது. எட்டு வருஷ ஆசை, பாலிஷ் வாசனையோடு கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. அதை வேண்டாமென்று அவரே தம் கையால் எழுதி, பஸ் ஏறி வந்து, நேரில் கொடுத்திருக்கிறார். இடது பக்கம் பார்த்தாலும் வலது பக்கம் பார்த்தாலும் இதற்கு மருந்து இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அவருடைய முகத்தைப் பார்த்துப் பகவதியப்பனுக்கே பாவமாகிவிட்டது. ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தவன், தான் பார்த்த வேலையும் வீணாய்ப்போனதை நினைத்துப் பெருமூச்சு விட்டான்.

“நான் ஒரு மடையன் சாரே, ‘நாற்காலி உண்டு, சம்மதம்’ணு முதலாளி உங்களுக்கு எழுதுன பதிலைச் சனிக்கிழமையே கொண்டுபோய்ச் சிவப்புப் பெட்டியில போட்டுட்டேன், வீட்டுக்கு வந்தா அதைக் கிழிச்சு அடுப்புல போடச் சொல்லுங்க.”