லேப்டாப் கடையில் உங்கள் தங்கை நீட்டிய அட்டை

அன்பும் மரியாதையும் மிக்க பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே உடம்பளவில் மூன்று பேரும் சௌக்கியம். மனசளவில் இரண்டு பேர் சௌக்கியம். மிச்சமுள்ள அந்த ஒருவன் நான். அங்கே உங்களுக்கும் அக்காவுக்கும் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். இல்லாவிட்டால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒரு நல்ல நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மேற்கொண்டு படிக்கவும். தயவுசெய்து நின்றுகொண்டு படிக்க வேண்டாம். நான் நின்றுகொண்டிருந்ததால்தான் எனக்கு இந்தக் கதி.

பத்து நாளைக்கு முன்னால் சாப்பாட்டு மேசையில் உங்கள் தங்கை, "என்னங்க, யூனிவர்சிட்டிக்கு ஒரு லேப்டாப் வாங்கணும்" என்றாள். நம் சுண்டு இரண்டாம் வருஷம் படிக்கிறாள், அவளுடைய லேப்டாப்பைத் திறந்தால் உள்ளே இருக்கிற விசிறி பழைய மோட்டார் மாதிரி கத்துகிறது, இருபத்தாறு வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவனுக்கு ஒரு மெஷின் எத்தனை நாள் தாங்கும் என்று சத்தத்தை வைத்தே சொல்லத் தெரியாதா, ஆகவே நானும் "வாங்கிடலாம், பழசு இழுத்துக்கிட்டுத்தானே கிடக்கு" என்றேன். உங்கள் தங்கை என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. அப்புறம் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சுண்டு குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள். என் மகள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாலே ஏதோ இருக்கிறது என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

சனிக்கிழமை மூன்று பேரும் கடைக்குப் போனோம். நான் வெறுங்கையோடு போகவில்லை மச்சான். ஒரு பொருளை வாங்கும் முன்னால் எடை என்ன, கீல் எப்படி, சூடானால் என்ன ஆகும் என்று மூன்று விஷயம் பார்க்கணும். அதற்காக வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு கொக்கித் தராசு கொண்டுபோயிருந்தேன். கடை ரொம்பப் பெரியது. வெள்ளை மேசைகள், அவற்றின் மேல் வாயைத் திறந்துகொண்டு நாற்பது ஐம்பது லேப்டாப், ஒவ்வொன்றும் ஒரே மாதிரி. கறுப்புச் சட்டை போட்ட ஒரு கடைப்பெண் வந்து என்ன வேண்டும் என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் தங்கை, "ரேம் பதினாறு ஜிபி இருக்கணும், எட்டு வேணாம், நம்பர் கீ எல்லாம் தனியா பக்கத்துல இருக்கணும், சார்ஜ் அஞ்சு மணி நேரமாவது நிக்கணும்" என்கிறாள்! மச்சான், இருபத்துமூன்று வருஷம் மருந்துக்கடை கவுண்டரில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள், வீட்டில் டிவி ரிமோட்டுக்கு பேட்டரி போடச் சுண்டுவைக் கூப்பிடுகிறவள். மகளுக்காக எவ்வளவு மனப்பாடம் செய்து வந்திருக்கிறாள் பார் என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பெத்த மனசு என்று கடைப்பெண்ணிடம்கூடச் சொன்னேன். சுண்டு இருமினாள்.

சரி, அவர்கள் பேசட்டும் என்று நான் ஒரு லேப்டாப்பை மூடி, தராசுக் கொக்கியில் மாட்டித் தூக்கினேன். அதற்கு அடியில் திருடு போகாமல் இருக்க ஒரு கம்பி கட்டியிருக்கிறார்கள், அது எனக்கு எப்படித் தெரியும்? ஒரு சாண்கூட உயர்ந்திருக்காது, கடை முழுக்க ஊளை. சுவரில் சிவப்பு விளக்கு சுற்றுகிறது. வாசலில் இருந்த காவலாளி என் கையைப் பிடித்துவிட்டார். என் கையில் தராசு, தராசில் லேப்டாப், என்னைச் சுற்றிக் கூட்டம், நான் "ஒண்ணரை கிலோதான் சார், ஒண்ணரை கிலோதான்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அந்த நேரத்தில் வேறு எதைச் சொல்வதென்று தெரியவில்லை. கடைப்பெண் ஓடி வந்து ஏதோ சாவியைப் போட்டு ஊளையை நிறுத்தினாள். உங்கள் தங்கை காவலாளியிடம், "என் வீட்டுக்காரர்தாங்க, கெட்டவர் இல்ல" என்றாள். எனக்காக அவள் சொன்ன நற்சான்று அவ்வளவுதான்.

இதுவாவது போகட்டும். கடைப்பெண் என் மானத்தைக் காப்பாற்றுகிற மாதிரி, "ஸ்டூடன்ட்னா விலையில தள்ளுபடி இருக்கு சார், அட்டையைக் காட்டுங்க" என்றாள். நான் சுண்டுவை முழங்கையால் இடித்து, "எடுத்துக் காட்டும்மா" என்றேன். சுண்டு அசையவில்லை. அம்மாவைப் பார்த்தாள். உங்கள் தங்கை கைப்பையைத் திறந்து, மூக்குக்கண்ணாடி உறைக்குள்ளிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள். கடைப்பெண் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஓ, முதலாம் ஆண்டா மேடம்? வாழ்த்துகள்" என்கிறாள். நான் சிரித்தேன். "இவங்க அம்மா, ஸ்டூடன்ட் இவ" என்று திருத்தினேன். "இல்ல சார், போட்டோ இவங்களோடதுதான்" என்று அட்டையை என் பக்கம் திருப்பினாள். மச்சான், அந்தப் போட்டோவில் உங்கள் தங்கை! கீழே பதிவு எண். அதற்குக் கீழே புள்ளியியல் துறை, மாலை வகுப்பு. வழங்கிய தேதி மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்குப் பல் டாக்டரிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள். வந்ததும் "வலிச்சுதா?"னு வேற கேட்டேன்!

அட்டையைப் பார்த்தபடியே இரண்டு அடி பின்வாங்கினேன். பின்னால் இருந்த ஓர் அட்டைப்பெட்டியில் உட்கார்ந்தேன், அது காலிப்பெட்டி, உட்கார்ந்த வேகத்தில் உள்ளே போய்விட்டேன். காவலாளியும் சுண்டுவும் ஆளுக்கொரு கை பிடித்து இழுத்து, கணினியில் விளையாடுகிற பிள்ளைகளுக்கென்று விற்கிற ஒரு பெரிய நாற்காலியில் கொண்டுபோய் வைத்தார்கள். அதில் எங்கோ ஒரு பிடி இருந்திருக்கிறது. என் கை பட்டதும் நாற்காலி அப்படியே பின்னால் சாய்ந்து படுக்கையாகிவிட்டது. ஆக, என் வாழ்க்கையின் மிக முக்கியமான பேச்சை நான் மல்லாந்து படுத்துக்கொண்டு, கூரை விளக்கைப் பார்த்தபடி பேசினேன். மேலே உங்கள் தங்கையின் முகம் தலைகீழாகத் தெரிந்தது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேனே."

"எப்ப?"

"கல்யாணமாகி ரெண்டாவது வருஷம். ஒரு புதன்கிழமை. நீங்க ஏணியில நின்னு பல்பு மாத்திக்கிட்டு இருந்தீங்க. மேல படிக்கட்டுமானு கேட்டேன். சிரிச்சீங்க."

"சிரிச்சு?"

"அவ்வளவுதான். சிரிச்சுட்டு ஸ்க்ரூடிரைவர் கேட்டீங்க. எடுத்துக் குடுத்தேன்."

மச்சான், எனக்கு அந்தப் பல்பும் ஞாபகமில்லை, ஏணியும் ஞாபகமில்லை. கெட்ட எண்ணத்தில் சிரித்திருக்க மாட்டேன், அது உங்களுக்கே தெரியும், யாராவது ஏதாவது சொன்னால் சும்மா சிரிக்கிற சிரிப்பு. அவளுக்குக் கிழமை வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் இரண்டு பேசியிருப்பேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை. மாத்திரையைக் காலை ஒன்று ராத்திரி ஒன்று என்று சொல்கிற அதே குரல். கடைப்பெண் தண்ணீர் கொண்டுவந்தாள். படுத்துக்கொண்டு குடித்ததில் பாதி காதுக்குள் போய்விட்டது.

அதற்குள் உங்கள் தங்கை லேப்டாப்பைத் தேர்ந்தெடுக்கப் போய்விட்டாள். நாற்காலிக்குச் சக்கரம் இருந்ததால் படுத்தபடியே காலால் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனேன். இருப்பதிலேயே சின்னதாக ஒன்றை எடுத்து, தன் கைப்பைக்குள் குடைக்குப் பக்கத்தில் சொருகிப் பார்த்தாள். தோளில் மாட்டி நாலு அடி நடந்து பார்த்தாள். "இது போதும்" என்றாள். அப்புறம் அதைத் திறந்து ஏதோ அட்டவணையைப் படிக்க, மூக்கு திரையில் முட்டுகிற அளவுக்குக் குனிந்தாள். கண்ணாடியைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடியும் குனிந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "பக்கத்துல இருக்கிற பெருசை எடு, அதுல எழுத்து நல்லா தெரியுது" என்றேன்.

"கனம்ங்க. எட்டு மணிக்கு வகுப்பு முடிஞ்சு ரெண்டு பஸ் மாறி வரணும்."

"எட்டு மணிக்கு நான் வந்து கூட்டிட்டு வரேன்" என்று ஒரு குரல் கேட்டது. யாருடா அது என்று திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், நான் அதைச் சொல்லத் திட்டமிடவில்லை. ஒரு மனிதன் படுத்திருக்கும்போது வாயில் வருவதெல்லாம் கணக்கில் சேருமா? சேருமாம். பெரியதற்கே பில் போட்டாகிவிட்டது.

இப்போது வீட்டு நிலவரம். சாப்பாட்டு மேசையில் பாதி இனி எனக்கில்லை. லேப்டாப்புக்குக் கடவுச்சொல் போட்டிருக்கிறாள், என் பிறந்தநாளைப் போட்டுப் பார்த்தேன், திறக்கவில்லை. வகுப்பு தொடங்கவே இன்னும் நாலு நாள் இருக்கிறது, அதற்குள் பயிற்சி என்று சொல்லி, நான் ஒரு நாளில் எத்தனை தடவை "அது எங்க இருக்கு?" என்று கேட்கிறேன் என்று கோடு போட்டு எண்ணியிருக்கிறாள். முப்பத்தொன்று. லீவு நாளில் நாற்பத்தாறாம். அதைச் சேர்த்தால் சராசரி கெட்டுவிடுகிறதாம், ஆகையால் தனியாக வைத்திருக்கிறாளாம். சுண்டு அதற்கு வண்ணம் கொடுத்துப் படம் வரைந்து தந்திருக்கிறாள். என் சொந்த வீட்டில் நான் ஒரு படமாகத் தொங்குகிறேன் மச்சான்.

சிரிக்காதீங்க. நாலு வருஷம் இந்தப் படிப்பு. வகுப்பில் எல்லாம் சுண்டு வயசுப் பிள்ளைங்க. நாற்பத்தாறு வயசில் யாராவது ஏதாவது சொல்லிட்டா இவ தாங்குவாளா? கடையில நின்னு நின்னு ஏற்கெனவே கால் வீங்குது. அதுவும் இல்லாம, நாலு வருஷம் கழிச்சு இவ பேசறது எனக்குப் புரியலன்னா? இதுவரைக்கும் எனக்குப் புரியாதது எதையும் இவ பேசினதே இல்ல. பேசினாளோ, நான்தான் ஏணியில நின்னேனோ, அதுவும் தெரியல. இதை அவகிட்டக் கேட்க எனக்கு வாய் வரல. அதனாலதான் உங்களுக்கு எழுதறேன். முப்பது வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தையே கட்டி மேய்த்த தலைமை ஆசிரியர் நீங்கள். அண்ணன் சொன்னால் தங்கை மறுபேச்சு பேச மாட்டாள். ஆகவே இக்கடிதம் கண்டவுடன் புறப்பட்டு வந்து, உங்கள் தங்கைக்கு எடுத்துச் சொல்லி, இந்த விபரீத முயற்சியைக் கைவிடச் செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். லேப்டாப்பைப் பதினைந்து நாளைக்குள் திருப்பிக் கொடுக்கலாமாம், விசாரித்துவிட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கங்கள். பிள்ளைகளுக்கு ஆசிகள், அவர்கள் எங்கே படித்தாலும் பெற்றோரிடம் சொல்லிவிட்டுப் படிக்கட்டும்.

என்றும் உங்கள் அன்புக்கும் ஆறுதலுக்கும் ஏங்கும்,
தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் தங்கை வந்து முகவரியைப் பார்த்துவிட்டாள். கோபப்படவில்லை. அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து வந்து முன்னால் வைத்தாள். அவளுடைய விண்ணப்பம். அதோடு ஒரு பரிந்துரைக் கடிதம். கீழே தலைமை ஆசிரியர் (ஓய்வு) என்ற முத்திரை, அதன் மேல் தங்கள் கையெழுத்து! எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு மூன்று முறை வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, நாட்டு நடப்பெல்லாம் பேசிவிட்டுப் போயிருக்கிறீர்கள். அதுகூடப் பரவாயில்லை. ஐந்தாவது வரியில், "இவருடைய கணவர் இம்முயற்சிக்கு ஆரம்பம் முதலே முழுமனத்துடன் துணை நிற்கிறார் என்பதை நான் நேரில் அறிவேன்" என்று உங்கள் கைப்பட எழுதியிருக்கிறீர்கள். அதை நாலு தடவை படித்தேன். இத்தனை வருஷம் நேர்மையாக வாழ்ந்த மனிதரைப் பொய்யராக்கும் பாவம் எனக்கு எதற்கு? ஆகவே மேலே எழுதிய அத்தனையையும் அடித்துவிட்டதாகக் கருதவும். தாங்கள் வர வேண்டாம். உங்கள் கடிதத்தில் போட்டிருக்கும் அந்தத் தேதியிலிருந்தே நான் துணை நின்று வருவதாக வைத்துக்கொள்ளவும்.