பல்லி தொடாத கை

நாட்டு மக்களின் தலைக்குள் மூளை எந்த நிலைமையில் இருக்கிறது என்று கண்டறியும் பொருட்டு, பெருமூளைப் பேராய்வுக் கழகத்தார் காஞ்சிபுரத்துக்கு எழுந்தருளி ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டார்கள். நரம்பு நோயாளிகளுக்கு மாத்திரை இலவசம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்கள். ஆகவே நோய் இல்லாதவர்கள் விடியற்காலையிலேயே வந்து வரிசையில் நின்றுவிட்டார்கள்.

அந்த வரிசையில் தையற்காரர் ஜாஃபர் ஒருவர்தான் நிஜ நோயாளி. வலது கை ஓயாமல் நடுங்கும். ஊசியில் நூலை மனைவி ஷஹர்பானு கோத்துக் கொடுப்பாள். ரவிக்கையையும் அவளே தைத்துக் கொடுக்க முடியுமா? கை நிற்க மாத்திரை வேண்டும். அதற்காகத்தான் வந்தார்.

படத்தைப் பார்த்துப் பெயர் சொல்வது சோதனை. பக்கத்து வீட்டு வீரபத்திரன் முன்னால் போனார். கடிகாரம் என்றார், குடை என்றார். அடுத்த அட்டையில் பல்லி. “பல்லி” என்று சொன்ன கையோடு அட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருக்குப் பின்னால் போன கங்கையம்மாளும் அப்படியே செய்தாள். அவளுக்குப் பின்னால் போனவர்களும் செய்தார்கள்.

வடக்கே படித்துப் பெரிய ஆளாகித் திரும்பிய டாக்டர் கமலுக்குப் புல்லரித்தது. “பார்த்தீங்களா? கை தானாப் போகுது!”

உதவிக்கு இருந்த சுகாசினி உள்ளூர்ப் பெண். “சார், அது நோய் இல்ல. பெருமாள் கோயில்ல தங்கப் பல்லியத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவாங்க. அந்தப் பழக்கம்.”

“படிவத்தில கோயிலுக்குக் கட்டம் இருக்கா?”

“இல்ல சார்.”

“நோய்க்கு?”

“இருக்குது சார்.”

“அப்ப நோய்தான்.”

இவ்வாறாகக் ‘காஞ்சிப் பல்லி அனிச்சை நோய்’ மருத்துவ உலகத்துக்குக் கிடைத்தது. அந்த நோய் கண்டவர்களுக்கெல்லாம் மாத்திரையும் பச்சைக் கைப்பட்டையும் வழங்கப்பட்டன.

ஜாஃபரின் முறை வந்தது. “பல்லி” என்றார். சும்மா இருந்தார்.

“தொடல. ஆரோக்கியம். அடுத்தவங்க வாங்க.”

“சார், கை நடுங்குது சார்.”

“நடுங்கட்டும். நாங்க ஆராயறது தொடுற கையை.”

ஷஹர்பானு முழங்கையால் இடித்தாள். “ஏங்க, தொட்டுத்தான் தொலைங்களேன். காயிதந்தானே!”

ஜாஃபர் கையை நீட்டினார். அது அட்டையை விட்டு விலகி, டாக்டரின் டீயைத் தட்டிவிட்டது. டாக்டர் துள்ளி எழுந்தார். நனைந்ததால் அல்ல.

“தொட நினைச்சார், தொட முடியல! நோய் வந்து குணமாயிட்டுது! எங்க ஆய்வின் முதல் வெற்றி!”

பொன்னாடை போர்த்தினார்கள். படம் பிடித்தார்கள். கை நடுங்கியதில் படம் கலங்கிவிட்டது என்று மறுபடியும் பிடித்தார்கள். பூரண நலம் என்று எழுதி, மாத்திரை தராமல் அனுப்பினார்கள்.

ஒரே வாரத்தில் பச்சைப் பட்டை இல்லாத கையை ஊரில் யாரும் கையாகவே மதிக்கவில்லை. பெண் பார்க்கப் போனவர்கள்கூடப் பட்டை தெரிகிற மாதிரிதான் காபியை வாங்கினார்கள். வீரபத்திரன் வீட்டு மாத்திரைகள் பிரிக்கப்படாமல், வருகிறவர்கள் கண்ணில் படும்படி வாசல் ஆணியில் தொங்கின.

ஷஹர்பானு போய்க் கேட்டாள். “அண்ணே, நீங்கதான் சாப்பிடறதில்லயே. எங்க வீட்டுக்காரருக்கு ஒரு அட்டை குடுங்கண்ணே. தொழில் நின்னுபோச்சு.”

வீரபத்திரன் உண்மையாகவே வருந்தினார்.

“எப்பிடிம்மா குடுக்கறது? நான் சீக்காளி, எனக்கே வேணுமே. பாய்தான் நல்லா கீறாருன்னு டாக்டரே சொல்லிட்டாரு. நல்லா கீற மனுசனுக்கு மாத்திர குடுத்து, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, அந்தப் பாவம் என்னைத்தானேமா சேரும்?”