சாக்குக்கடியில் ஒரு குர்பான் ஆடு

அக்கரைப்பற்றில் லொறி நின்றதும் சாக்கு அசைந்தது.

அலுமாரிக்கும் மெத்தைக்கும் நடுவே, அந்தச் சாக்கின் கீழ்தான் ஜிம்மி படுத்திருந்தது. ஜவாத் முன்சீட்டிலிருந்து குதித்து ஓடிவந்து சாக்கை இழுத்து மூடினான். மூடிய கையை ஜிம்மி அன்போடு நக்கியது.

"பாத்தியா, நாய்ட எச்சில் பட்டிட்டு, இப்ப நான் மண் போட்டு ஏழுதரம் கழுவோணும்" என்று மனைவி ஸப்னாவிடம் சீறினான், நக்கச் சொன்னதே அவள்தான் என்பதுபோல.

ஜிம்மி, ஸப்னாவின் வாப்பாவுடைய வயலில் காவலுக்கு நின்ற நாய். அவர் மௌத்தாகி அடக்கமான பிறகு, யாரும் கூப்பிடாமலே மருதமுனைக்கு வந்து அவர்களுடைய கொல்லையில் படுத்துக்கொண்டது. ஜவாதுக்கு நாயோடு கோபமில்லை. அவனுடைய கோபமெல்லாம் வாடகைக்கு வீடு கொடுக்கிற மனிதர்களோடுதான்.

பொத்துவிலுக்கு மாற்றலாகியதிலிருந்து வீடு தேடி அலைந்தான். நாய் இருக்கிறது என்றதும் ஒருவர் போனையே வைத்துவிட்டார். இன்னொருவர், நாய் உள்ள இடத்துக்கு வானவர்களான மலக்குகள் வரமாட்டார்கள் என்று சொல்லிக் கேற்றைச் சாத்தினார். சாத்திய கேற்றில் 'கடிநாய் கவனம்' என்று பலகை தொங்கியது. நாய் எங்கே என்று கேட்டால், அது கள்ளனுக்குப் போட்ட பலகையாம். அந்தப் பலகையை நினைத்தாலே ஜவாதுக்குக் காது சுட்டது.

ஆகவே கச்சிமுகம்மது ஹாஜியாரிடம் வீடு பேசியபோது அவன் நாயைப்பற்றி வாயே திறக்கவில்லை. கரண்டு, தண்ணீர், வாடகை என்று ஆண்கள் கதைத்து முடித்தார்கள். பிறகு அதே போனில் ஸப்னாவும் ஹாஜியாரின் மனைவியும் நெடுநேரம் கதைத்தார்கள். பெண்களின் கதைதானே என்று அவன் காது கொடுக்கவில்லை. மருதமுனை வீட்டில் ஸப்னாவின் தங்கை குடும்பம் குடிவந்தாயிற்று. இந்த வீடும் கைநழுவினால் ஏற்றிய சாமானை இறக்க இடமில்லை.

"நான் ஒரு விசயம் சொல்லட்டா?" என்றாள் ஸப்னா.

"எல்லாம் பொத்துவில் போனபொறகு சொல்லு. அதுவரைக்கும் நாயப்பத்தி மூச்சு விடாத."

ஸப்னா முகத்தை வீதிப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பள்ளிவாசல் குழாயடியில் அவன் மண்ணள்ளிக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒருவன் வந்து நின்றான். ஹாஜியாரின் மருமகன் சரீப். போன கிழமை வீட்டைத் திறந்து காட்டியவன்.

"என்ன மச்சான், மண் போட்டுக் கழுவுறீங்க?"

"கிறீஸ்."

"சாமானுக்குள்ள என்னவோ அசையிது."

"ஆடு."

ஆடறுத்துக் குர்பான் கொடுக்கிற ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வாயில் வந்த முதல் நாலுகால் அதுதான்.

"குர்பானுக்கா? மாஷா அல்லாஹ்."

சாக்குத் தூசியில் ஜிம்மி தும்மியது.

"ஆட்டுக்குத் தடிமனா?"

"ஓம், கடக்கரைக் காத்து."

சரீப் முழுவதையும் நம்பினான். வில்லங்கமே அங்குதான் தொடங்கியது. லொறி ஊரைத் தாண்டுமுன்னரே ஹாஜியாரிடமிருந்து போன் வந்துவிட்டது. நோய் பிடித்த ஆடு குர்பானுக்குக் கூடாது, நேரே கொண்டுவரட்டும், பல்லையும் காலையும் தானே பார்ப்பதாகச் சொன்னார். ஆடு பார்ப்பதில் அந்தப் பக்கத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்றும் சொன்னார்.

"அடுத்தவன்ட ஆட்டுப் பல்லப் பாக்க இவர் ஆரு?" என்று ஜவாத் குமுறினான். ஒரு மனிதன் தன் ஆட்டைத் தன் பாட்டில் கொண்டுபோக இந்த நாட்டில் உரிமையில்லையா என்று கேட்டான். தன்னிடம் ஆடே இல்லை என்பதை அந்தக் கோபத்தில் மறந்தேவிட்டான்.

அதுவரை வாய் திறக்காத லொறிக்காரர் மெதுவாகச் சொன்னார்: "பல்லப் பாத்தா நாயெண்டு தெரிஞ்சிரும் தம்பி."

தம்பிலுவில் வீதியோரத்தில் பூபாலபிள்ளை என்றொருவர் ஆட்டுக்கடாக்களைக் கட்டி விற்றுக்கொண்டிருந்தார். ஜவாத் அவசரத்தில் நிற்பது அவருக்கு அவன் முகத்திலேயே தெரிந்தது. விலையில் இறங்க மறுத்தார். அப்போது சாக்கிலிருந்து ஜிம்மி தலை நீட்டியது. பூபாலபிள்ளையின் முகம் மாறியது. நரி வந்து குட்டிகளைத் தூக்குகிறதாம். நாயை விட்டுப் போவதானால் விலையைப் பாதியாக்கலாம் என்றார்.

ஜவாத் ஜிம்மியின் கயிற்றைக் கொடுத்தான். ஜிம்மி அவனைப் பார்த்தது. அவன் தென்னைமரத்தைப் பார்த்தான். எல்லாம் அந்தப் பலகைக்காரனால் வந்தது என்று மனதுக்குள் திட்டினான்.

ஸப்னா இறங்கிப்போய் வேலியோரம் பூபாலபிள்ளையோடு என்னவோ கதைத்துவிட்டு வந்தாள்.

"சாப்பாடெல்லாம் சொன்னியா?"

"சொன்னன்."

"நல்ல இடம். இஞ்ச அதுக்கொரு குறையும் வராது."

"நாயப்பத்தி மூச்சு விடாதயெண்டுதானே சொன்னீங்க" என்றுவிட்டு அவள் லொறியில் ஏறிக்கொண்டாள். திருக்கோவில் போயிற்று, கோமாரி போயிற்று. பின்னால் கடா மெத்தை உறையைத் தின்று முடித்துப் பாயில் கைவைத்திருந்தது. ஆனாலும் அது ஒவ்வொரு தடவை கத்தும்போதும் ஜவாத் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஆடுதான் என்பதற்குச் சாட்சி கத்துகிறது, கத்தட்டும்.

பொத்துவிலில், வயல் தொடங்குகிற இடத்தில் அந்த வீடு. ஹாஜியார் வாசலிலேயே நின்றார். கடாவின் பல்லைப் பிரித்தார், காலைத் தூக்கினார், கொம்பைத் தடவினார்.

"தடிமனொண்டும் இல்லயே. தங்கமான கடா."

சாவிக்காக அவர் சட்டைப்பையில் கைவிட்டார். ஜவாத் அன்றைக்கு முதன்முறையாக நிம்மதியாக மூச்சுவிட்டான். சாவி பையிலிருந்து பாதி வெளியே வந்திருக்கும்போது, ஹாஜியாரின் மனைவி ஹவ்வா உம்மா ஒரு தட்டில் சோறும் மீன்முள்ளும் எடுத்துக்கொண்டு வந்தார். கடாவைத் திரும்பியும் பாராமல் லொறியின் பின்பக்கம் போனார். சாக்கைத் தூக்கிப் பார்த்தார். மெத்தைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"நாய் எங்க மனே? கொல்லைக்குள்ள பண்டி வந்து மரவள்ளியெல்லாம் கிண்டிப்போடுது. ஸப்னா புள்ள காவல்நாய் இரிக்கெண்டு சொன்னதாலதானே, கேட்டுவந்த எல்லாருக்கும் இல்லெண்டு சொல்லிப்போட்டு ஒங்களுக்கு இந்த வீட்டத் தந்த."