அனுமதியின்றிக் குடியிருக்கும் வைரஸ்கள்

உத்தமபாளையத்தில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் ரெஹானா நாற்பது எலிகளை வளர்த்துவந்தாள். அவற்றின் முன்னோர்களை எந்தக் காலத்திலோ தொற்றிய வைரஸ்களின் மரபணுக்கள் பரம்பரையாக எலிகளுக்குள்ளேயே தங்கிவிட்டன. நோயை எதிர்க்கும் செல்களில் சில புரதங்கள் அவற்றை வாய்பொத்தி வைத்திருக்கின்றன. எந்தப் புரதம் கையை எடுத்தால் எந்த மரபணு வாய் திறக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கு ரெஹானா நாலு வருடத்தைக் கொடுத்திருந்தாள்.

எலி வளர்க்கும் உரிமத்தைப் புதுப்பிக்கப் போட்ட விண்ணப்பத்தில் இதையெல்லாம் உள்ளபடி எழுதினாள். அதுதான் பிசகு.

உயிரின வசிப்பிட முறைப்படுத்தல் அலுவலகம் பதில் அனுப்பியது. "மேற்படி எலிகளில் மேற்படி வைரஸ்கள் அனுமதியின்றிக் குடியிருப்பது இவ்வலுவலகத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. பதினைந்து தினங்களுக்குள் காலி செய்யத் தவறினால் எலிகள் அழிக்கப்படும்."

கடிதத்தோடு அந்த அலுவலகம் இருந்த தேனிக்கு பஸ் ஏறினாள். கண்காணிப்பாளர் விஜயபாண்டி கோப்பைப் பிரித்தார்.

"வைரஸ் எப்பம்மா உள்ள வந்துச்சு?"

"பல லட்சம் வருசத்துக்கு முன்னால சார்."

"அப்ப தடையில்லாச் சான்று வாங்குனீகளா?"

"அப்ப மனுசனே கிடையாது சார்."

"வாங்கலைன்னு எழுதிக்கிறேன்."

"அது நோய் இல்ல சார். புரதம் அதை அடக்கி வச்சிருக்கு."

"அந்தப் புரதத்தை நியமிச்சது யாரு?"

ரெஹானாவுக்குப் பொறுமை போய்விட்டது. "சார், உங்க உடம்புலயும் இதே மாதிரி இருக்கு. எல்லாருக்கும் இருக்கு. நம்ம மரபணுத் தொகுதியில நூத்துக்கு எட்டு பங்கு."

பேனா நின்றது. "இயக்குநர் அய்யாவுக்கு?"

"அவுகளுக்கும் எட்டுதான்."

"எனக்கும் அவுகளுக்கும் ஒரே அளவா?" விஜயபாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு பயந்துபோய் அதையும் கோப்பில் எழுதினார்.

மறுவாரம் சுற்றறிக்கை வந்தது. தம் உடலில் வைரஸ் மரபணு இல்லை என்று உறுதிமொழி தருவோருக்கே இனி எந்தச் சான்றும் வழங்கப்படும். தேனி மாவட்டமே வரிசையில் நின்றது. முதல் கையெழுத்து இயக்குநருடையது, இரண்டாவது விஜயபாண்டியுடையது.

ரெஹானாவும் நின்றாள். எலிகளுக்கு உரிமையாளர் கையெழுத்துப் போடலாம் என்று விதி இருந்தது.

படிவம் வாங்கும் முனீஸ்வரி குரலைத் தாழ்த்தினாள். "மேடம், இருக்குன்னு சொன்னதே நீங்கதான?"

"எலி பொழைக்கணும் முனீஸ்வரி." தனக்கு ஒன்று, எலிகளுக்கு நாற்பது என்று கைவலிக்கப் போட்டுக் கொடுத்தாள்.

எலிகள் பிழைத்தன. உரிமம் அந்த மாதமே வீடு தேடி வந்தது. கூடவே இன்னொரு கடிதமும் வந்தது: "இல்லாத பொருளைக் குறித்து ஆராய விதிகளில் இடமில்லை. ஆகவே தங்கள் ஆய்வு ரத்து செய்யப்படுகிறது. ஆதாரம்: தாங்கள் கையொப்பமிட்ட நாற்பத்தொரு உறுதிமொழிகள்."