பெரிய கங்காணியார் அம்புலன்ஸ் வாங்கிய வைபவம்

இரண்டாம் உலக மகா யுத்தம் எதற்காக நடந்தது என்று சரித்திர ஆசிரியர்கள் இன்னமும் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஊசிமலைத் தேயிலைத் தோட்டப் பாடசாலையின் தலைமை ஆசிரியரும், ஒரே ஆசிரியரும், மணியடிப்பவருமான எனக்கு உண்மை தெரியும். தோட்டத்து ஆட்களையெல்லாம் மேய்க்கும் எங்கள் பெரிய கங்காணி செல்லசாமி அவர்களுக்கு ஒரு வாகனம் தேவைப்பட்டது. அதற்காகத்தான் அத்தனை தேசங்களும் அடித்துக்கொண்டன. யுத்தம் முடிந்தது, மிஞ்சியதை ஏலம் போட்டார்கள், ஐயா வாங்கினார். சரித்திரம் இவ்வளவுதான்.

ஐயாவுக்கு வாகனம் தேவைப்பட்டதும் முழுக்க முழுக்கப் 'பொதுநலம்' கருதியே. பக்கத்துத் தோட்டத்துப் பெரிய கங்காணி ஒரு பழைய ஒஸ்டின் கார் வாங்கியிருந்தார். நுவரெலியாக் குதிரைப் பந்தயத்துக்கு அவர் காரில் போய் இறங்கிய அதே நேரத்தில் எங்கள் ஐயா பஸ்ஸில் போய் இறங்க நேர்ந்தது. பஸ்ஸில் ஐயாவின் மடியில் யாரோ ஒரு கோழிக்கூடையை வேறு வைத்துவிட்டார்கள். அன்று அவமானப்பட்டது ஐயா அல்ல, ஊசிமலைத் தோட்டம் முழுவதும்தான் என்று ஐயாவே என்னிடம் சொன்னார். தோட்டத்து ஆட்களுக்கு அந்த அவமானம் உடனே உறைக்கவில்லை. கல்வியறிவு போதாது.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த மறுவருடம் அது. இந்தியாவிலிருந்து வந்த வம்சம் என்பதால் எங்கள் ஆட்களுக்கு அதில் என்ன பங்கு என்பது மேலிடத்தில் 'பரிசீலனையில்' இருந்தது. பட்டாளத்தின் பழைய சாமான்கள் மட்டும் பரிசீலனை இல்லாமல் தாராளமாகக் கிடைத்தன. ஐயா கொழும்புக்குப் புறப்பட்டார். இங்கிலீசு பேச ஆள் வேண்டும் என்று என்னையும் அழைத்துப்போனார். பாடசாலைக்கு விடுமுறை விட்டேன்.

ஏலம் நடந்த மைதானத்துக்கு நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஜீப்புகள் எல்லாவற்றையும் கொழும்பு முதலாளிமார் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு மூலையில் அம்புலன்ஸ் ஒன்று மட்டும் நின்றது. பச்சை நிறம், இரண்டு பக்கமும் பெரிய செஞ்சிலுவை. ஏலக்காரர் நேர்மையானவர், தாமாகவே முன்மூடியைத் தூக்கிக் காட்டினார். எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூனை குட்டிகளோடு படுத்திருந்தது.

"எஞ்சின் இல்லையாமுங்க ஐயா," என்று மொழிபெயர்த்தேன்.

"சில்லு?"

"நாலும் இருக்குங்க."

"கதவு?"

"இருக்குங்க."

"ஹோர்ன்?"

ரப்பர் குமிழை அமுக்கினேன். பூனை பயந்து ஓடியது.

"அப்பறம் என்னா மாஸ்டர்? எல்லாம் இருக்கு. ஒன்னே ஒன்னுதான இல்ல?"

"அந்த ஒன்னுதாங்க ஐயா வண்டிய ஓட்டுறது."

"ஓட்டப்போறது நான்ல!" என்றார் ஐயா. பதில் சொல்ல முடியாத வாதம்.

அம்புலன்ஸ் எங்களுடையதாயிற்று. எஞ்சினைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. ஆனால் உட்காருமிடத்தைப் பிறகு பார்க்க முடியாதல்லவா? காயம்பட்ட சிப்பாய்களைக் கிடத்தும் படுக்கைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, கொழும்புத் தச்சர் ஒருவரைக் கொண்டு உள்ளே சிவப்பு வெல்வெட்டுச் சோபா ஒன்று பொருத்தினார் ஐயா. செஞ்சிலுவையை அழிக்கவா என்று தச்சர் கேட்டதற்கு, "இருக்கட்டும், ஒஸ்டின் கார்ல படம் ஒன்னும் இல்ல," என்றார்.

வண்டி சாமான் கோச்சி ரயிலில் கொட்டகலை வரைக்கும் சௌகரியமாகவே வந்தது. அங்கிருந்து தோட்டத்துக்கு மலை ஏற வேண்டும். எஞ்சின் இல்லாத குறை அப்போதுதான் முதன்முதலாகத் தென்பட்டது. ஐயா கலங்கவில்லை. சனிக்கிழமை விடியற்காலைப் பெரட்டில், வேலைக்குப் போக வரிசையாக நின்ற ஆட்களிடம் சொற்பொழிவாற்றினார்.

"இந்த வண்டிய யாருக்காக வாங்குனேன்? எனக்கா? எனக்கு என்னாத்துக்கு? ஒரு பிள்ளத்தாச்சிக்கு வலி வந்தா, ஒருத்தனுக்கு வாந்தி பேதி கண்டா, கம்பளியில கட்டித் தூக்கிட்டு ஓடுறீங்களே, அதப் பாத்து என் வயிறு எரிஞ்சுச்சு. இது உங்க வண்டி! நாளைக்கு ஞாயித்துக்கெழம. வந்து உங்க வண்டிய நீங்களே இழுத்துக்கங்க!"

ஆட்கள் அழுதுவிட்டார்கள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சோபாவை ஏற்கெனவே பார்த்தவன் என்பதால் கொஞ்சம் சிரமப்பட வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆணும் பெண்ணுமாகத் தோட்டமே கொட்டகலையில் கூடியது. மாரியம்மன் கோயில் தர்மகர்த்தாவும் ஐயாவே ஆனபடியால் தேர் வடங்கள் இரண்டும் வந்து சேர்ந்தன. அவற்றை அம்புலன்ஸின் முன்பக்கத்தில் கட்டினார்கள். தலைப்பாகையும் கறுப்புக் கோட்டுமாக ஐயா ஸ்டியரிங்கின் முன் ஏறி அமர்ந்தார். யாரோ "அரோகரா!" என்றார்கள். வண்டி நகர்ந்தது. நான் ஹோர்ன் சத்தத்துக்கு முன்னால் குடை பிடித்து நடந்தேன்.

பிரதான வீதியில் தொல்லை இல்லை. வீதி முடிந்து தோட்டப் பாதை தொடங்கும் பாலத்தடியில் பல தோட்டங்களுக்கும் பொதுவான சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. அதைத் தாண்டியதும் ஏற்றம். மழை வேறு பிடித்துக்கொண்டது. வலது வடத்தின் முன்வரிசையில் தேயிலைச் செடிகளைக் கத்தரிக்கும் கவ்வாத்துக்கார மாயாண்டி இழுத்தான். இடது வடத்தில் அவன் மனைவி வீரம்மா. "நம்ம வண்டிடா, இழுங்கடா!" என்று மாயாண்டி போட்ட சத்தத்தில் எனக்கே தோள் கொடுக்கலாம் என்று தோன்றியது. குடை இருந்ததால் இயலவில்லை.

செங்குத்தான வளைவு ஒன்றில் வலது வடம் அறுந்தது.

வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கியது. இடது வடத்தைப் பிடித்திருந்த பெண்கள் அதோடு சேர்ந்து சேற்றில் இழுபட்டார்கள். இந்த ஆபத்தான கட்டத்தில் ஐயா காட்டிய சமயோசிதத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஓர் உயிராவது காப்பாற்றப்பட வேண்டும் என்ற உயர்ந்த நோக்கத்துடன் அவர் கதவைத் திறந்து வெளியே குதித்தார். காப்பாற்றப்பட்டது.

வண்டி பெண்களையும் இழுத்துக்கொண்டு பள்ளத்தை நோக்கிப் போனது. மாயாண்டி பாதையோரம் கிடந்த ஒரு மரக்கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பின்சில்லுக்கு அடியில் கொடுத்தான். வண்டி நின்றது. கட்டையோடு அவன் காலும் உள்ளே போயிருந்தது.

"கட்ட நல்லா நிக்குதா பாருங்க," என்றான். பிறகு மயங்கிவிட்டான்.

வீரம்மா வடத்தைப் பக்கத்திலிருந்தவள் கையில் கொடுத்துவிட்டு ஓடிவந்தாள். நாலு பேர் சேர்ந்து சில்லை நெம்பிக் காலை வெளியே எடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே பார்க்கும்படி இல்லை. தன் சேலைத் தலைப்பைக் கிழித்து இறுக்கிக் கட்டிவிட்டு அவள் ஐயாவைப் பார்த்தாள்.

"கதவத் தொறங்க ஐயா. உள்ள படுக்க வைக்கணும்."

ஐயா கோட்டில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தார். "உள்ளயா? இன்னும் பூச போடலியே வீரம்மா. பூச போடாத வண்டியில ரத்தம் படப்படாது. அபசகுனம்."

"ரத்தம் வெளிய பட்டிருச்சுங்களே. உள்ள பட்டா என்னாங்க?"

"உள்ள வெல்வெட்டு."

அப்போதுதான் ஒருவன் பின்கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தான். பார்த்ததைப் பின்னால் நின்றவனுக்குச் சொன்னான். அது வடம் நெடுகப் போயிற்று.

"நேத்து எங்க வண்டின்னு சொன்னீங்க," என்றாள் வீரம்மா.

"உங்க வண்டிதாம்மா. அதுக்காக?"

"எங்க வண்டின்னா நாங்க ஏத்துறோம். உங்க வண்டின்னா நாங்க வடத்த விட்டுர்றோம். அந்தக் கட்ட எம்புட்டு நேரம் நிக்கும்னு நீங்களே பாத்துக்கங்க."

ஐயா கட்டையைப் பார்த்தார். பள்ளத்தைப் பார்த்தார். ஆட்களின் முகங்களைப் பார்த்தார். அந்தக் கணத்தில் அவருக்குள் மனிதாபிமானம் பொங்கியதை நான் என் கண்ணால் கண்டேன்.

"சரி, ஏத்துங்க," என்றார்.

"நீங்களும் ஏறுங்க ஐயா. ஸ்டியரிங்க யாரு புடிக்கிறது?"

இவ்வாறாக உலக வைத்திய சரித்திரத்தில் பின்பக்கமாக ஆஸ்பத்திரிக்குப் போன முதல் அம்புலன்ஸ் என்ற பெருமை எங்கள் வண்டிக்குக் கிடைத்தது. அறுந்த வடத்தை முடிச்சுப் போட்டார்கள். கட்டையை எடுத்தார்கள். ஏற்றுவதற்காக வந்த ஆட்கள் மொத்தமும் குதிகாலைச் சேற்றில் ஊன்றி வடத்தைப் பிடித்துக்கொள்ள, வண்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. உள்ளே வீரம்மா மாயாண்டியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "இந்தா வந்துருச்சு, இந்தா வந்துருச்சு," என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஐயா கழுத்தை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தபடி ஸ்டியரிங்கைப் பிடித்தார். இம்முறை குதிக்கவில்லை, கதவுப் பக்கம் இரண்டு பேர் 'பாதுகாப்புக்காக' நடந்துவந்தார்கள்.

ஆஸ்பத்திரி மருந்தையா வெளியே ஓடிவந்தார். அவர் உத்தியோகத்துக்கு வந்து அன்றுதான் அந்த வாசலில் ஒரு அம்புலன்ஸைப் பார்க்கிறார்.

"எங்கேருந்து வருது?" என்று வியப்போடு கேட்டார்.

"கொழும்புலருந்து," என்றார் ஐயா. "இன்னும் வீட்டுக்கே போகல."

மாயாண்டியை இறக்கினார்கள். கொஞ்சம் பிந்தியிருந்தால் ஆளே இல்லை என்றார் மருந்தையா. ஐயா வண்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். சிவப்பு வெல்வெட்டில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது என்பதை நான் எடுத்துச் சொன்னேன். ஆறுதலடைந்தார். "சரி, மறுபடி இழுங்க," என்று திரும்பினால், ஆட்கள் வடங்களை அவிழ்த்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"டேய், வடம்!"

"வடம் சாமிக்குங்க," என்று யாரோ திரும்பாமலே சொன்னார்கள்.

அம்புலன்ஸ் பல நாள் அந்தப் பாலத்தடியிலேயே நின்றது. பிறகு தேயிலை லொறியில் கட்டி மேலே கொண்டுவந்தோம்.

செய்தி தோட்டத்தை நிர்வகித்த வெள்ளைக்காரத் துரையின் காதுக்கு எட்டியது. தம் சொந்த வாகனத்தில், எஞ்சின்கூட இல்லாத நிலையில், ஒரு தொழிலாளியின் உயிரைக் காப்பாற்றிய கங்காணியை அவர் சும்மா விடுவாரா? பாடசாலை மண்டபத்தில் பாராட்டு விழா ஏற்பாடானது. துரை மாலை போட்டார். "கங்காணி ரொம்ப நல்ல மனிசன். ஆளுக்கு கால் போச்சு, கங்காணி வண்டி குடுத்துச்சு," என்று தமிழிலேயே பேசினார். வரவேற்புப்பா என்னுடையது. 'மனிதாபிமானத்தின் மலைச்சிகரமே' என்ற அடிக்குத் துரை தலையாட்டினார்.

மாயாண்டி ஊன்றுகோலோடு வந்திருந்தான். அந்தக் காலோடு கவ்வாத்து வெட்ட முடியாது என்பதால் நிர்வாகம் பெருந்தன்மையோடு அவன் பெயரைச் செக்ரோல் சம்பளப் பதிவிலிருந்து எடுத்து, நிரந்தர ஓய்வு அளித்திருந்தது. நன்றி சொல்ல அவனை மேடைக்கு அழைத்தேன். சொல்ல வேண்டியதை ஒரு வாரமாக அவனுக்குப் பாடம் பண்ணிக் கொடுத்திருந்தேன். அவன் சபையை ஒருமுறை பார்த்தான்.

"மாஸ்டர் சொல்லிக் குடுத்தது மறந்துபோச்சுங்க," என்றான். "ஒன்னு மட்டும் சொல்றேன். அன்னைக்கி அந்த வண்டியில எஞ்சின் இல்லாததுனாலதான் நான் பொழச்சேன். எஞ்சின் இருந்திருந்தா வடம் எங்க கையில இருந்திருக்காது. ஐயா நேரா வீட்டுக்குப் போயிருப்பாரு."

கைதட்டல் ஓயவே இல்லை. துரைக்குத் தமிழ் அவ்வளவு வேகத்தில் புரியாததால் அவரும் தட்டினார். அவர் தட்டியதால் ஐயாவும் தட்ட வேண்டியதாயிற்று.

மாயாண்டியின் உரையில் பொதிந்திருந்த 'ஆலோசனையை' ஐயா வீணாக்கவில்லை. மறுமாதமே எஞ்சின் பொருத்தப்பட்டது. இப்போது வண்டி நுவரெலியாப் பந்தயத்துக்குப் போகிறது, கதிர்காமம் போகிறது, கல்யாண வீடுகளுக்குப் போகிறது. அன்று முதல் இன்று வரை ஒரு நோயாளிகூட அதில் ஏறியதில்லை. எங்கள் தோட்டத்தின் சுகாதாரத்துக்கு இதைவிட என்ன நற்சாட்சி வேண்டும்?

ஒழுக்கத்திலும் எங்கள் ஆட்கள் வெகுவாக முன்னேறிவிட்டார்கள். போன மழைக்காலத்தில், மேட்டு லயத்து வரிசை வீட்டுப் பூரணி, காய்ச்சலில் வலிப்பு வந்து வெட்டி இழுத்த பிள்ளையைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். எதிரே ஐயாவின் வண்டி ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. ஐயாவுக்குப் பக்கத்தில் நானும் இருந்தேன். பூரணி பிள்ளையோடு பாதையோர நீர்க்கானுக்குள் இறங்கி, வண்டி போகும்வரை ஒதுங்கி நின்றாள்.

அம்புலன்ஸுக்கு வழி விட வேண்டும் என்று பாடசாலையில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.